பால்மாவும் மலையகத்துப் புல்லும்



பால் பொருள் ஏற்றுமதிக்கு அரசுகள் கொடுக்கும் மானியம் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது இந்தக் கூட்டத்தின் அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். இலங்கை பால் ஏற்றுமதி செய்யும் நாடே இல்லையே, ஹட்டனில் இதைப் பேசி என்ன ஆகப்போகிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் நாடு தன் பால் தேவையில் ஏறத்தாழ நாற்பது வீதத்தைத்தான் தானே கறக்கிறது. மிச்சத்துக்காக ஆண்டொன்றுக்கு முப்பது கோடி டொலர் அளவில் கொடுத்துப் பால்மா வாங்கிப் பழகிய நாடு இது. ஆனால் ஓர் அரசு தன் ஏற்றுமதியாளருக்குக் கொடுக்கும் பணம் என்ன செய்கிறது என்பது ஏற்றும் துறைமுகத்தில் தெரியாது. இறக்கும் துறைமுகத்தில்தான் தெரியும். கொழும்பில் இறங்கிய பால்மா லொறியேறி மலைக்கு வந்து, நம் கடைகளில் அடுக்கப்பட்டு, தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்குப் பின்னால் கொட்டிலில் நின்ற பசுவோடு போட்டிக்கு நின்றது. அந்தப் போட்டியில் ஒரு பக்கத்துக்குப் பின்னால் பெரிய கருவூலங்கள் இருந்தன. மறுபக்கத்துக்கு ஒரு துண்டு நிலம்கூட இல்லை.

இந்த மலை பசுவுக்கு ஏற்ற மலை. குளிர், மழை, ஆண்டு முழுவதும் பச்சை. சமவெளியில் மூச்சிரைக்கும் ஃபிரீசியன், அயர்ஷயர் இனப் பசுக்கள் நுவரெலியாவில் நன்றாகக் கறக்கும். அதனால்தான் அம்பேவெலயிலும் போபத்தலாவையிலும் டயகமவிலும் பெரிய பண்ணைகள் அமைந்தன. பெயர்ப்பலகை இல்லாத இன்னொரு பால் பண்ணையும் இங்கே உண்டு. அது லயங்களின் பின்புறம் முழுக்கப் பரந்து கிடக்கிறது. ஒரு பசு, கூடிப்போனால் இரண்டு. விடியற்காலையில் கறந்து, பால் சேகரிக்கும் இடத்தில் ஊற்றிவிட்டு, காலையில் வேலைக்குப் பெயர் எடுக்கும் பிரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, மீண்டும் புல்லறுக்கப் போகும் பெண்கள்தான் அதன் உழைப்பாளிகள். தேயிலை மலையின் ஓரம், கான் கரை, ஆற்றங்கரை, தெருவோரம் என்று எங்கே புல் கிடைக்கிறதோ அங்கே போகிறார்கள். குளவிக்கும் சிறுத்தைக்கும் பயந்துகொண்டே போகிறார்கள். நன்றாகக் கறக்கும் பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது கிலோ பச்சைப்புல் வேண்டும். அத்தனையும் தலையில் வருகிறது. சாணம் மரக்கறித் தோட்டக்காரர்களுக்குப் போகிறது. பால் காசு மளிகைக்கும் பிள்ளைகளின் கொப்பிக்கும் போகிறது. சம்பளம் வருவது மாதத்துக்கு ஒரு முறை. மாத நடுவில் கையில் கிடைக்கும் காசு பசுவின் காசு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

இப்போது கடல் தாண்டிப் போவோம். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1968-இல் பாலுக்கென்று ஒரு பொதுச் சந்தை ஒழுங்கை ஏற்படுத்தியது. அதன்படி பால்மாவுக்கும் வெண்ணெய்க்கும் ஓர் அடிப்படை விலை உண்டு. சந்தை விலை அதற்குக் கீழே போனால் அரசே வாங்கிக் களஞ்சியத்தில் வைக்கும். விலை உறுதி என்று தெரிந்த விவசாயி மேலும் மேலும் கறந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். எழுபதுகளின் இறுதிக்குள் விற்க முடியாத வெண்ணெய் களஞ்சியங்களில் குவிந்தது. 1984-இல் ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்வளவுதான் கறக்கலாம் என்று அளவு விதித்தார்கள். அந்த விதி 2015 வரை இருந்தது.

குவிந்ததைக் கரைக்க அவர்கள் கண்ட வழிதான் ஏற்றுமதி மீளளிப்பு. உள்நாட்டில் பால்மா விலை கூட, உலகச் சந்தையில் குறைவு. அந்த விலைக்கு விற்றால் வியாபாரிக்கு நட்டம். அந்த வித்தியாசத்தை டன் கணக்கில் அளந்து கருவூலம் ஏற்றுமதியாளருக்குக் கொடுத்துவிடும். இப்படி வெளியே போகும் ஒவ்வொரு கப்பலும் உலக விலையை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளும். விலை இறங்க, அடுத்த கப்பலுக்கு வித்தியாசம் கூடும்; மீளளிப்பும் கூடும். அமெரிக்கா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1985-இன் விவசாயச் சட்டத்தோடு அதுவும் பால் ஏற்றுமதி ஊக்குவிப்புத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. ஐரோப்பா கொடுக்கிறது, அதனால் நாங்களும் கொடுக்கிறோம் என்பதுதான் அதன் நியாயம். 2007-இல் நிறுத்திவைத்த மீளளிப்பை 2009 தொடக்கத்தில் ஐரோப்பா மறுபடி எடுத்தது. சில மாதங்களுக்குள் அமெரிக்காவும் தன் திட்டத்தைத் தூசி தட்டியது. இரண்டு பணக்கார அரசுகள் ஒன்றோடொன்று மோதியபோது அடிபட்ட விலை கிங்ஸ்டனிலும் கொழும்பிலும் பால் ஊற்றியவர்களின் விலை.

கிங்ஸ்டனைச் சும்மா சொல்லவில்லை. ஜமேக்கா 1992-இல் இறக்குமதிக் கதவைத் திறந்தது. மானியம் பெற்ற ஐரோப்பியப் பால்மா உள்ளே வந்தது. தொழிற்சாலைகள் உள்ளூர்ப் பாலை விட்டுவிட்டு மாவைக் கரைக்கத் தொடங்கின. அந்நாட்டு விவசாயிகள் வாங்க ஆளில்லாத பாலைக் கீழே ஊற்றினார்கள். ஒக்ஸ்ஃபாம் நிறுவனம் 2002-இல் இதை ஓர் அறிக்கையாக வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் தன் பால் துறைக்குத் தரும் ஆதரவைப் பசுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் பசுவுக்கு நாளொன்றுக்கு 2 டொலருக்கு மேல் வருகிறது என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்த 2 டொலருக்குக் கீழே வாழ்ந்த காலம் அது. அந்தப் பாதிப்பேரில் நம் தோட்டங்களும் அடக்கம்.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1995-இல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோது விவசாய ஒப்பந்தமும் வந்தது. ஏற்றுமதி மானியம் கொடுத்துக்கொண்டிருந்த 25 உறுப்பினர்கள் தங்கள் பழைய அளவைப் பட்டியலிட்டார்கள். பணக்கார நாடுகள் அதைச் செலவில் 36 வீதமும் அளவில் 21 வீதமும் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்த அளவில் தொடரலாம். பட்டியலில் இல்லாத நாடு புதிதாகத் தொடங்கக்கூடாது. அதாவது, முன்பு அதிகம் கொடுத்தவருக்கு இனியும் கொடுக்க உரிமை. கொடுக்க வசதியே இல்லாமலிருந்தவருக்குத் தடை. வளரும் நாடுகளுக்குப் போக்குவரத்துக்கும் சந்தைப்படுத்தலுக்கும் ஒரு சிறிய விலக்கு மட்டும் கிடைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில் நைரோபியில் கூடிய அமைச்சர்கள் ஏற்றுமதி மானியத்தையே ஒழிப்பதென்று முடிவெடுத்தார்கள். அப்போதும் பால் பொருளுக்குச் சில நாடுகள் 2020 வரை தவணை வாங்கிக்கொண்டன.

இதே காலத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? நம் மலையிலிருந்தும் ஒரு பொருள் கப்பலேறியது. ஐரோப்பா தன் விவசாயியின் பொருள் கடல் தாண்டும்போது அரசுப் பணத்தை அதோடு அனுப்பியது. இலங்கை தன் தேயிலை கடல் தாண்டும்போது அதிலிருந்து அரசுக்குப் பணம் எடுத்தது. தொண்ணூறுகள் வரை ஏற்றுமதித் தீர்வை, அதோடு செஸ், 2010 முதல் உலக விளம்பரத்துக்கென்று கிலோவுக்கு 3.50 ரூபாய். சுதந்திரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் இந்த நாட்டின் இலவசக் கல்விக்கும் அரிசி மானியத்துக்கும் பணம் தந்த வரிகளில் தோட்ட ஏற்றுமதி வரி பெரியது. அந்தக் கல்வி நம் லயத்துப் பிள்ளையை எட்ட எத்தனை காலமானது என்பது இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏன் அங்கே கொடுத்தார்கள், இங்கே எடுத்தார்கள்? பணம் இருந்தது, இல்லை என்பது பாதி விடை. மறுபாதி வாக்கு. பவேரியாவிலும் பிரான்ஸின் பிரிட்டனியிலும் பால் விவசாயிக்கு வாக்கு இருந்தது, சங்கம் இருந்தது, கோபம் வந்தால் டிராக்டரை ஓட்டிக்கொண்டு பிரஸல்ஸ் தெருவை அடைக்கும் பலம் இருந்தது. விவசாயி இனி என்ன செய்வார் என்று அமைச்சர்கள் அஞ்சினார்கள். இங்கேயோ 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. அதைத் தொடர்ந்து வாக்கும் போனது. ஐரோப்பா தன் பால் விவசாயிக்கு விலை உறுதி கொடுத்த 1968-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இந்தியாவோடு செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி நம்மைக் கணக்கெடுத்துப் பிரித்து, இந்தியாவுக்குக் கப்பலேற்றத் தலைமன்னாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கப்பலேறுமுன் பசுவைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போன குடும்பங்களின் கதை நம் வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது. 2003-இல் குடியுரிமை வழங்கும் சட்டம் வரும்வரை இந்தப் பிரச்சினை தீரவில்லை. மானியம் என்பது பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் விலைக் கோடாக வரைந்து காட்டப்படும். உண்மையில் அது, ஓர் அரசு யாருடைய கோபத்துக்கு அஞ்சுகிறது என்பதன் பதிவேடு. நம்முடைய கோபத்துக்கு யாரும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நாம் வாங்கும் பால்மாவில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்து வருவதில்லை, நியூஸிலாந்திலிருந்து வருகிறது. நியூஸிலாந்து 1984-இலேயே தன் விவசாய மானியங்களைக் கைவிட்டுவிட்டது. அங்கே பசு திறந்த வெளியில் புல் மேய்கிறது, கூட்டுறவு பலமானது, உற்பத்திச் செலவு குறைவு. ஆகவே லயத்துப் பசுவைத் தோற்கடித்தது முழுக்க மானியம் என்று நான் சொன்னால் அது பாதி உண்மையாகவே நிற்கும். உலக விலையைப் பல பத்தாண்டுகள் கீழே பிடித்துவைத்தது ஐரோப்பாவும் அமெரிக்காவும். அந்த விலைக்கு விற்கக் கற்றுக்கொண்டது நியூஸிலாந்து. 1977-இல் பொருளாதாரத்தைத் திறந்த பிறகு, அந்த மலிவு விலை எப்போதும் இருக்கும் என்று நம்பித் தன் பால் கொள்கையை அதன்மேல் கட்டியது கொழும்பு. நகரத்து நுகர்வோருக்குக் கட்டுப்பாட்டு விலையில் ஒரு பக்கட் பால்மா. அது கிடைத்துவிட்டால் பால் பிரச்சினை முடிந்தது என்ற நினைப்பு. உள்ளூர்ப் பாலை வளர்க்க 1954-இல் தொடங்கிய அரசுப் பால் சபையின் கனவு அப்படித்தான் சுருங்கியது.

அதே மலிவு மாவை வேறு விதமாகக் கையாண்ட நாடு நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் குவிந்த பால்மாவும் வெண்ணெய் நெய்யும் எழுபதுகளில் இந்தியாவுக்கு நன்கொடையாக வந்தன. முதற்கட்டத்துக்கு ஒதுக்கியது மட்டும் 126,000 டன் மாவு, 42,000 டன் வெண்ணெய் நெய். அது அப்படியே சந்தைக்குப் போயிருந்தால் குஜராத்தின் எருமைக்காரர்கள் அன்றே அழிந்திருப்பார்கள். அங்கே பால் கூட்டுறவு இயக்கத்தை நடத்திய வர்கீஸ் குரியன் அதைச் சந்தையில் கொட்ட விடவில்லை. மாவைக் கரைத்து, உள்ளூர்ப் பாலின் விலைக்கே நகரங்களில் விற்கச் செய்தார். வந்த பணத்தில் குளிரூட்டும் நிலையம், பால் வண்டி, கிராமச் சங்கம் எல்லாம் எழுந்தன. வெள்ளத்தை வாய்க்காலில் திருப்பி வயலுக்குப் பாய்ச்சிய வேலை அது. அந்தத் திட்டத்திலும் குறை கண்டவர்கள் உண்டு; நன்கொடை மாவை நம்பி நின்றது பற்றிய விமர்சனத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் மலிவாக வந்த மாவின் பயன் யாருக்குப் போகவேண்டும் என்று அங்கே ஒருவர் உட்கார்ந்து யோசித்தார். இங்கே அந்த யோசனை நடக்கவில்லை.

யோசிக்காததன் விலை 2021-இல் வந்தது. டொலர் தீர்ந்தது; பால்மாவைக் காணவில்லை; கடைகளில் வரிசை. ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். 380 ரூபாயாக இருந்த 400 கிராம் பக்கட் 480 ஆனது. 2022 மார்ச்சில் 790 ஆனது. அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய்; அதையும் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில்தான் பெற்றிருந்தோம். ஒரு முழு நாள் வேலை செய்தால் ஒரு பக்கட் மாவும் கொஞ்சம் சில்லறையும். ஒரு கிலோ மாவு ஏறத்தாழ எட்டு லீற்றர் பாலின் உலர்ந்த உருவம். அந்தக் கணக்கில் 400 கிராம் என்றால் மூன்று லீற்றருக்குச் சற்று அதிகம். அதாவது, ஆறாயிரம் மைலுக்கு மேல் தாண்டி வந்த லீற்றர் பாலுக்கு அந்த மார்ச்சில் 250 ரூபாய் அளவில் கொடுத்தோம். அந்த விலையில் பாதியைக்கூட நம் மலைப் பாலுக்கு முன்னமே உறுதி செய்திருந்தால் இன்று கொட்டில்கள் எத்தனை இருந்திருக்கும்?

பிள்ளைகளின் உடம்பில் இது எழுதப்பட்டிருக்கிறது. 2016-இன் மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டத் துறையில் ஏறத்தாழ 32 வீதம். பால் ஒன்றே இதற்குக் காரணமும் இல்லை, மருந்தும் இல்லை. ஆயினும் பசு கட்டிய வீட்டிலேயே பாலை ஊற்றிவிட்டு, அந்தக் காசில் மாவு வாங்கி, அதையும் நீர்க்கக் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் நிலை இருக்கிறது. இதை எந்தப் புள்ளிவிவரமும் இல்லாமல் நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம். அந்தத் தாயின்மேல் குற்றமில்லை. காலையில் ஊற்றும் லீற்றருக்கு வரும் காசில் அரிசியும் வாங்க வேண்டும்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2012-இல் அவுஸ்திரேலியாவிலிருந்து 2,000 சினைக் கிடாரிகள் வந்தன. டயகம, போபத்தலாவ, மெனிக்பாலம ஆகிய அரச பண்ணைகளுக்குப் போயின. பிறகு 20,000 மாடுகளை விவசாயிகளுக்கே தருவதாக ஒரு பெரிய திட்டம் வந்தது. ஐயாயிரம் அளவில் வந்ததோடு அது நின்றது. சொன்ன அளவு கறக்கவில்லை, நோய் இருந்தது என்று வாங்கியவர்கள் முறையிட்டார்கள். கடனில் மூழ்கியவர்கள் இருக்கிறார்கள். இந்தத் திட்டத்துக்கான கடனுக்கு அவுஸ்திரேலிய அரசின் ஏற்றுமதிக் கடன் நிறுவனம் உத்தரவாதம் கொடுத்திருந்தது. இதையும் நம் தலைப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்தால்தான் ஏற்றுமதி ஆதரவு என்பதில்லை. விற்பவனின் அரசு பின்னால் நின்று, வாங்குபவனுக்குக் கடன் கிடைக்க வழி செய்வதும் அதன் உறவுதான். மாடு விற்றவருக்குப் பணம் உறுதியாகியிருந்தது. பால் கறக்கவேண்டியவருக்கு எது உறுதியாகியிருந்தது?

ஐரோப்பாவும் பணம் கொடுப்பதை நிறுத்திவிடவில்லை. கொடுக்கும் வாசலை மாற்றிக்கொண்டது. 2003-இன் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஏற்றுமதியாளருக்குப் போன பணம் படிப்படியாக விவசாயியின் நிலத்துக்கு நேரடி வருமானமாகப் போகிறது. உலக வர்த்தக அமைப்பின் கண்ணில் அது பிழையில்லை. ஐரோப்பியப் பால் பொருளுக்கு ரஷ்யா விதித்த தடைக்குப் பின் விலை விழுந்தபோது மறுபடி 380,000 டன் அளவில் கொழுப்பு நீக்கிய பால்மாவை வாங்கிக் களஞ்சியத்தில் வைத்து, 2019 நடுப்பகுதிக்குள் விற்றுத் தீர்த்தார்கள். இந்தியாவும் இப்போது மறுகரையில் நிற்கிறது. 2018-இல் பால்மா தேங்கியபோது மகாராஷ்டிரமும் குஜராத்தும் ஏற்றுமதியாகும் மாவுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் அறிவித்தன. அந்த மாநிலங்களின் விவசாயி பாவம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த 50 ரூபாய் எந்த நாட்டுப் பால்காரரின் வாசலில் போய் இறங்கியது என்பதையும் கேட்கவேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோம்.

உணவை இறக்குமதி செய்து வாழும் வளரும் நாடுகளின் பட்டியலில் இலங்கையும் உண்டு. அதனால் ஏற்றுமதிச் சரக்கின் போக்குவரத்து, சந்தைப்படுத்தல் செலவுக்கு உதவ 2030 வரை நமக்கு இடமிருக்கிறது. யோகட்டையும் சீஸையும் மாலைதீவுக்கு அனுப்ப அரசு உதவட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. சொந்தப் பிள்ளைக்கு எட்டாத பாலைக் கப்பலேற்ற உதவும் ரூபாய், போகவேண்டிய இடத்துக்குப் போகாத ரூபாய். கப்பலுக்குக் கொடுக்க நினைக்கும் பணம் முதலில் மலைக்கு வரட்டும்.

மலைக்கு வந்தால் அது எங்கே போகவேண்டும்? என் விடை: புல்லுக்கு. நல்ல இனப் பசுவும் செயற்கைச் சினைப்படுத்தலும் குளிரூட்டும் தொட்டியும் வேண்டியவைதான். ஆனால் இவை எல்லாவற்றையும் மானியத்தில் கொடுத்துவிட்டுப் புல்லைத் தெருவோரத்தில் தேடவிட்டால் பசு மெலியும், பெண் இன்னும் மெலிவாள். ஏழு பேர்ச் காணி கிடைத்ததே பெரிய வெற்றி என்று கொண்டாடினோம். ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு கட்டியபின் கொட்டிலுக்கே இடம் போதாது, புல் எங்கே வளர்ப்பது? இன்னொரு பக்கம், 1992-இல் கம்பனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்த தோட்டங்களில் தேயிலை எடுக்காமல் காடாகிப்போன மலைகள் எத்தனை என்று வேலை செய்பவர்களுக்குத் தெரியும். அந்த மலைகளில் நடப் புல்லும் இருக்கிறது: கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவான கோ-3 புல் இலங்கையில் நன்றாக வளர்கிறது. ஒரு முறை நட்டால் பல முறை அறுக்கலாம்.

தொழிற்சங்கத் தலைவர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் நாட்சம்பளத்தோடு புல் நிலத்தையும் மேசையில் வையுங்கள். லயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், மாடு கட்டியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அளந்து கொடுத்த நிலம். புல்லறுப்பது யாரோ அவர் பெயரில், அதாவது பெரும்பாலும் பெண்ணின் பெயரில், எழுத்தில். தோட்டத் துரை மாறினால் மாறிவிடும் வாய்மொழி அனுமதி போதாது. கம்பனிகளின் குத்தகை 2045-இல் முடிகிறது. அதற்குள் இந்த நிலத்தைப் பதிவில் ஏற்றாவிட்டால், அடுத்த குத்தகைப் பத்திரத்தில் அது தேயிலைக் காணியென்றே எழுதப்படும். நுவரெலியா மாவட்டச் செயலகத்திலும் பிரதேச சபைகளிலும் இன்று நம்மவர்கள் இருக்கிறார்கள். கைவிடப்பட்ட மலைகளைத் தோட்டம் தோட்டமாகக் கணக்கெடுக்கும் வேலையை அவர்கள் இந்த ஆண்டே தொடங்கலாம். பட்டியல் எழுதத் தெரிந்த இளைஞர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள்.